கக்கூஸுக்குள் ஒரு வீடு

டச்சு மொழியில் வீட்டுக்கு 'ஹௌஸ்' என்று பெயர். நடுவில் வரும் உயிரொலி 'ஔ'வுக்கும் 'எய்'க்கும் இடையில் எங்கோ கிடக்கிறது. நம் நாக்குக்குச் சட்டென்று வசப்படாது. ஆங்கிலத்து ஹவுஸும் ஜெர்மன் ஹவுஸும் இதற்கு உடன்பிறப்புகள். மூன்றுக்கும் மூலம் பழைய ஜெர்மானிய மொழியின் 'ஹூஸ்'. தனியாக நின்று சம்பாதித்ததைவிட, இன்னொரு சொல்லோடு ஒட்டிக்கொண்டு இந்தச் சொல் சம்பாதித்ததுதான் அதிகம்.

ஒட்டும் முறை நமக்குப் புதிதல்ல. மாட்டுவண்டி என்றால் வண்டி. வண்டிமாடு என்றால் மாடு. டச்சிலும் கடைசியில் நிற்பதற்கே அதிகாரம். 'வைன்ஹௌஸ்' என்றால் மதுக்கூடம். திருப்பிப்போட்டு 'ஹௌஸ்வைன்' என்றால் உணவகத்தில் வழக்கமாக ஊற்றிக்கொடுக்கும் மது. இலக்கணப் பாலும் கடைசிச் சொல்லோடுதான் போகும். ஹௌஸுக்கு முன்னால் 'ஹெட்' என்ற சுட்டு வரும், வைனுக்கு 'டெ' வரும், கூட்டுச்சொல்லிலும் அப்படியே. எவ்வளவு நீண்டாலும் எழுத்தில் இடைவெளி விடமாட்டார்கள். சில இடங்களில் நடுவே பசைபோல ஓர் அசை நுழையும். 'ஸீக்' என்றால் நோயுற்ற. நோயாளிகள் இருக்கும் வீடு 'ஸீக்கன்ஹௌஸ்', அதாவது மருத்துவமனை. நகரமன்றக் கட்டடமான 'ஸ்டாட்ஹௌஸ்' பசையே இல்லாமல் ஒட்டிக்கொள்கிறது.

மனிதர் குடியிருக்க வேண்டும் என்ற கட்டாயமும் ஹௌஸுக்குக் கிடையாது. நத்தையின் ஓடு 'ஸ்லாக்கன்ஹௌஸ்'. நம் உட்காதில் நத்தைபோல் சுருண்டிருக்கும் உறுப்புக்கும் அதே பெயர். ஆப்பிளைத் தின்றபின் கையில் மிஞ்சும் விதைப்பகுதி 'க்ளோக்ஹௌஸ்', மணிவீடு. 1988 முதல் ஒளிபரப்பாகும் குழந்தைகளுக்கான அறிவியல் நிகழ்ச்சி ஒன்றுக்கும் இந்தப் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது இன்னொன்று. ஒழுகும் வீடுகளை வாடகைக்கு விட்டுக் காசு பிடுங்கும் உரிமையாளரை 'ஹௌஷெஸ்மெல்கர்' என்பார்கள்: குட்டிவீடுகளைக் கறப்பவர்! சென்னையில் வாடகைக்கு இருந்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

இருண்ட அறைகளும் இந்தச் சொல்லுக்கு உண்டு. 1596-இல் ஆம்ஸ்டர்டாமில் ஆண்களுக்கென்று 'ராஸ்ப்ஹௌஸ்' திறந்தார்கள். கைதிகள் பிரேசில் மரத்தை அரத்தால் ராவிச் சாயத்தூள் எடுக்க வேண்டும்; அந்த ராவுதல்தான் பெயரின் முற்பாதி. மறுவருடம் பெண்களுக்கு 'ஸ்பின்ஹௌஸ்' வந்தது. அங்கே தண்டனை நூல் நூற்பது. நாஜிகளுக்கு அஞ்சி யூதச் சிறுமி ஆன் ஃபிராங்க் ஒளிந்திருந்த பின்கட்டு 'ஆக்டர்ஹௌஸ்'. 1947-இல் அவருடைய நாட்குறிப்பு டச்சில் வெளியானபோது அட்டையில் இருந்த தலைப்பும் அதுவே.

1602-இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அமைந்தது. மிளகு தேடிப் போன கப்பல்களில் ஹௌஸும் ஏறிக்கொண்டது. மலாக்காவில் அவர்கள் கட்டிய ஸ்டாட்ஹௌஸ் அதே பெயரோடு இன்றும் நிற்கிறது. இந்தோனேசியாவிலோ ஓரிடத்தில் சொல்லை விட்டுவிட்டு அமைப்பை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். மருத்துவமனைக்கு அங்கே 'ரூமா சாக்கிட்', வீடு நோய். அவர்கள் மொழியில் தலை முன்னால் வருவதால் வரிசை புரண்டுவிட்டது.

பழவேற்காட்டில் 1613-இல் கெல்டிரியா கோட்டை எழுந்தது. 1658-இல் நாகப்பட்டினமும் யாழ்ப்பாணமும் டச்சுக்காரர் கைக்குப் போயின. அலுவலகத்துக்கு ஈழத்தமிழர் சொல்லும் 'கந்தோர்' அவர்கள் விட்டுச்சென்றதுதான். ஹௌஸும் ஒன்றை விட்டுச்சென்றது: 'காக்ஹௌஸ்'. 'காக்' என்றால் மலம். மலம் கழிக்கும் வீடு நம் வாயில் கக்கூஸ் ஆனது. சிங்களத்தில் 'கக்குஸ்ஸிய', இந்தோனேசியாவில் 'காக்குஸ்'.

ஹௌஸ் எப்படிக் கூஸ் ஆனது? நெதர்லாந்தின் தென்மேற்குக் கோடியில் ஜீலாந்து என்ற மாகாணம் இருக்கிறது. அங்கத்திய வட்டாரப் பேச்சு 'ஹ'வை விழுங்கிவிடும், பழைய நெடிலை ஏறக்குறைய அப்படியே வைத்திருக்கும். வீடு அவர்களுக்கு 'ஊஸ்' போலத்தான் ஒலிக்கும். கம்பெனியின் ஆறு கிளைகளில் ஆம்ஸ்டர்டாமுக்கு அடுத்த பெரிய கிளை அந்த மாகாணத்து மிடில்பர்க் நகரில் இருந்தது. காக், ஊஸ் இரண்டையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். கரையில் இறங்கிய மாலுமியின் குரல் கேட்காவிட்டால் என்னைக் கேளுங்கள்.

தமிழில் இந்தச் சொல்லின் தையல் தெரிவதில்லை. உள்ளே ஒரு வீடு இருப்பதை யாரும் நினைப்பதில்லை. இன்றைய நெதர்லாந்தில் காக்ஹௌஸ் சபையில் சொல்லத் தகாத சொல். இங்கும் டாய்லெட், பாத்ரூம், கழிப்பறை என்று ஒவ்வொன்றாக வந்து கக்கூஸைக் கொல்லைப்புறத்துக்கு விரட்டிவிட்டன. ஆனாலும் 2017-இல் மலக்குழியில் இறங்கிச் சாகும் துப்புரவுத் தொழிலாளர்களைப் பற்றி ஆவணப்படம் எடுத்த திவ்யபாரதி, நாகரிகமான சொல் எதையும் தேடவில்லை. படத்தின் பெயர் 'கக்கூஸ்'.