நூலும் உளியும்

ஈப்போ புகைவண்டி நிலையத்தைக் காணாதவர் பேராக்கில் அரியர். ஹப்பக் என்னும் ஆங்கிலேயர் வரைந்து, 1917ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற அக்கட்டடத்தின் தூண்களை மாணவர்க்குக் காட்டியபோது, ஒரு சிறுவன், "ஐயா, நம் கோயில் தூணுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?" என்று வினவினான். அவ்வினாவை ஏறத்தாழ இரு நூற்றாண்டுகட்கு முன்பே எழுப்பி, விடையும் தேடியவர் ஒருவர் உளர். அவர் தஞ்சையில் பிறந்த ராம் ராஸ் என்பார்.

எளிய எழுத்தராகத் தொடங்கி, சென்னைச் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியில் ஆங்கில ஆசிரியராகவும், பின்னர்ப் பெங்களூரில் நீதிபதியாகவும் உயர்ந்தவர் அவர். மானசாரம் முதலிய சிற்ப நூல்களை ஆராய்ந்து அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூலை, அவர் மறைந்தபின் 1834ஆம் ஆண்டில் இலண்டன் அரச ஆசியக் கழகம் 48 படங்களுடன் வெளியிட்டது.

ஒப்பிடுதற்கு அவர் எடுத்துக்கொண்டது மேனாட்டுத் தூண் இலக்கணம். கி.மு. முதல் நூற்றாண்டில் உரோமானியராகிய விட்ருவியஸ் வகுத்த அவ்விலக்கணத்தை, 15, 16ஆம் நூற்றாண்டுகளில் இத்தாலிய அறிஞர்கள் மீண்டும் கற்று ஐரோப்பா எங்கும் பரப்பினர்.

தூண் மேலே செல்லச் செல்லச் சிறுத்தல் இரு மரபுக்கும் பொது. எவ்வளவு சிறுக்க வேண்டும் என்பதிலேதான் வேறுபாடு. விட்ருவியஸ் அடிக்கணக்கைப் பார்க்கிறார். 15 அடி வரையுள்ள தூணுக்கு உச்சியில் ஆறில் ஒரு பங்கு குறைப்பார். 50 அடியை எட்டும் தூணுக்கு எட்டில் ஒரு பங்கே குறைப்பார். உயரம் மிகுந்தால் தொலைவினாலேயே கண்ணுக்குச் சிறுத்துத் தோன்றும் என்பது அவர் கூறும் காரணம். நம் சிற்ப நூலோ விகிதத்தைப் பார்க்கிறது. அடிப்பருமனைப்போல் ஆறு மடங்கு உயரமாயின் ஆறில் ஒரு பங்கும், பத்து மடங்காயின் பத்தில் ஒரு பங்கும் குறையும். வழி வேறாயினும், நெடிய தூண் குறைவாகவே சிறுக்க வேண்டும் என்னும் முடிவு இரண்டிற்கும் ஒன்றே. இதனை எடுத்துக் காட்டியவர் ராம் ராஸ்.

இவ்வுண்மை அவருக்கு ஏட்டிலிருந்து மட்டும் கிட்டவில்லை. சுவடிகள் சிதைந்திருந்தன. வடமொழிப் புலவர்க்குச் சொல் தெரிந்தது, பொருள் தெரியவில்லை. இறுதியில், தொழிலும் தொழிற்சொல்லும் அறிந்த தஞ்சைக் கம்மாளச் சிற்பி ஒருவரின் துணையாலேயே நூல் அவருக்கு விளங்கிற்று.

இத்தாலியிலும் இதுவே நிகழ்ந்தது. விட்ருவியஸின் நடை இலத்தீனும் அன்று, கிரேக்கமும் அன்று என்று அல்பெர்ட்டி நொந்துகொண்டார். 1556இல் பார்பரோ என்னும் பேரறிஞர் அந்நூலுக்கு உரை கண்டபோது, படம் வரைந்து உதவியவர் பல்லாடியோ. இளமையில் கல்தச்சரிடம் தொழில் பயின்றவர். அங்கே பார்பரோவுக்கு ஒரு பல்லாடியோ. இங்கே ராம் ராஸுக்கு ஒரு தஞ்சைச் சிற்பி. ஆனால், பல்லாடியோவை உலகம் போற்றுகிறது. நம் சிற்பியை நாமே நினைப்பதில்லை.

இதன் உண்மையை யான் என் தோட்டத்திலேயே உணர்ந்தேன். எங்கள் கோயில் திருப்பணிக்குத் தமிழகத்திலிருந்து தபதியார் ஒருவர் வந்திருந்தார். குமுதம், கண்டம், பட்டிகை என்னும் சொற்களை நூலில் படித்திருந்தும், எது எதுவென எனக்குத் தெரியாது. அவர் கல்லின்மேல் கைவைத்துக் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாய்ச் சொல்லி வந்தார். பல்லாண்டு படித்தும் விளங்காதது கால்மணி நேரத்தில் விளங்கிற்று.

ஆசிரியப் பெருமக்களே! இரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்துவிட்ட நம் தோட்டங்களில், மங்கு, ஒட்டுப்பால் என்னும் தொழிற்சொற்களை வாழ்ந்து அறிந்தவர்கள் இன்று முதியவர்கள் மட்டுமே. கோயிற் சிற்பிகளின் சொற்களுக்கும் இந்நிலை வாராதிருக்க வேண்டும். அகராதியை நாடுமுன் அவர்களை நாடுவோம். மாணவரையும் உடன் அழைத்துச் செல்வோம். ஏடு காத்திருக்கும்; மனிதர் காத்திரார்.