ஊரைக் கட்டினார்கள், டிராம் பாதை போட்டார்கள்... பாறை கைவிட்டது! - வேல்ஸ் மலையில் ஒரு காலி குவாரி

எல்.கே.ஜி-யில் சிலேட்டுப் பலகையில் 'அ' எழுதி, எச்சில் தொட்டு அழித்த ஞாபகம் இருக்கா? இப்போ பிளாஸ்டிக்கில் வந்துவிட்டாலும், அசல் சிலேட்டு என்பது ஒரு பாறை. உளி வைத்துத் தட்டினால் ஏடு ஏடாகப் பிரியும். 19-ம் நூற்றாண்டில் பிரிட்டனின் வடமேற்கு வேல்ஸ் மலைகளிலிருந்து கப்பல் கப்பலாகப் போன இந்தப் பாறைதான் பல நாட்டு வீடுகளுக்குக் கூரை.

அந்தக் காசைப் பார்த்து ஆசைப்பட்டவர்கள் ஏராளம். அதில் ஒரு கதைதான் கோர்செத்தாய் குவாரி.

ஸ்னோடோனியா மலைப்பகுதியில் ஓர் ஏரிக்கு மேலே இருக்கிறது இந்த இடம். 1850-களில் முதலீட்டாளர்கள் பணத்தைக் கொட்டினார்கள். மலைச்சரிவை அடுக்கடுக்காக வெட்டினார்கள். போர்த்மாடாக் துறைமுகம் வரைக்கும் சுமார் 13 கிலோமீட்டருக்கு, 3 அடி அகலத்தில் டிராம் பாதை போட்டார்கள். இழுப்பதற்குக் குதிரைகள். வழியில் இனிஸ்பாண்டி என்ற இடத்தில், பாறையை அறுத்துப் பலகையாக்க மூன்று மாடி ஆலை. ('பாண்டி' என்றதும் நம்ம பாண்டியைத் தேடாதீங்க. வேல்ஸ் மொழியில் அது கம்பளித்துணியை அடித்துக் கெட்டியாக்கும் ஆலை.) ஆலைக்குள்ளேயே 26 அடி விட்டமுள்ள தண்ணீர்ச் சக்கரம். டிராம் வண்டிகள் மேல் மாடிக்கே ஏறிப்போக வளைந்த சாய்வுப் பாதைகள். இன்றைக்குப் போய்ப் பார்த்தாலும் இடிந்த தேவாலயம் என்றுதான் நினைப்பீர்கள். தொழிற்சாலைக்கு இவ்வளவு அழகு எதற்கு என்று கேட்கத் தோன்றும்.

தொழிலாளர்களுக்கு ட்ரெவோரிஸ் என்று ஒரு ஊரும் எழுந்தது. மூன்று தெரு, இரட்டை இரட்டையாக 36 வீடுகள், ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் நிலம். மரமே இல்லாத, எப்போதும் காற்றும் மழையுமான மலைச்சரிவில்!

எல்லாம் தயார். பாறைதான் ஒத்துழைக்கவில்லை. நேராகப் பிளக்க வேண்டிய கல், கண்ட இடத்தில் உடைந்தது. நல்ல வேல்ஸ் குவாரிகளிலேயே 1 டன் சரக்கு எடுக்க 10 டன் வரை கழிவு வரும். இங்கே நிலைமை இன்னும் மோசம். உச்சத்தில் இருந்த 1860-ல் 200 பேர் சேர்ந்து எடுத்தது 2,140 டன். அதாவது ஒரு ஆள் வருஷம் முழுக்க உழைத்து, இன்றைய கணக்கில் ஒரு லாரி லோடு. இதை வைத்து ரயில் பாதைக்கு வட்டிகூடக் கட்ட முடியாது. 1867-ல் மூடிவிட்டார்கள். முதலீட்டாளர்களுக்குப் போனது பணம். ட்ரெவோரிஸ் குடும்பங்களுக்குப் போனது வீடு.

பாதையை அப்படியே விட்டுவிட மனசு வரவில்லை போல. 1870-களில் அதை 2 அடி அகலமாக மாற்றி, வேறொரு பள்ளத்தாக்கில் இருந்த பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் குவாரி வரை நீட்டினார்கள். பாய்லரை நட்டுக்குத்தலாக வைத்த ஒரு குட்டி நீராவி இன்ஜின்கூட ஓடியது. அந்தக் குவாரியும் 1880-களில் படுத்துவிட்டது. ஆலையில் கொஞ்ச காலம் கலை விழாக்களும் வழிபாடுகளும் நடந்தன. 1906 வாக்கில் கூரையையும் கழற்றிவிட்டார்கள்.

இந்தத் தோல்விதான் இடத்தைக் காப்பாற்றியது என்பது என் கட்சி. லாபம் வந்திருந்தால் பழையதை இடித்துப் பெரிதாகக் கட்டியிருப்பார்கள், மலையே காணாமல் போயிருக்கும். இப்போது 1850-களின் குவாரி, பாதை, ஆலை, ஊர் எல்லாம் அப்படியே கிடக்கின்றன. 2021-ல் யுனெஸ்கோ வேல்ஸ் சிலேட்டு நிலப்பரப்பை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, அதன் 6 பகுதிகளில் ஒன்றாக இதுவும் இடம்பிடித்தது.

போனால் ஏரி அணைக்கட்டுப் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு, பழைய டிராம் பாதையிலேயே நடங்க. தண்டவாளம் இருக்காது, ஆடுகள் இருக்கும். குவாரியை நெருங்கும்போது ஒரு பெரிய கற்சுவர் உங்கள் தலைக்கு மேலே அலைபோல வளைந்து நிற்கும். மேலே கொட்டிய கழிவுக் கல் பாதையில் சரியாமல் இருக்கக் கட்டியது. பெரிய பெரிய கற்களை ஒன்றின்மேல் ஒன்றாகத் துருத்தி அடுக்கியிருக்கிறார்கள். பின்னால் மலைபோல் கழிவு. சுவர் இன்னும் தாங்கிக்கொண்டிருக்கிறது.