பட்டியலில் ஏறாத கிதாபுகள்

ஏடு தேடி அலைந்த ஒரு பெரியாருக்கும் எங்கள் வட்டாரத்துக்கும் பழைய உறவு உண்டு. 1855 இல் பிறந்த உ.வே. சாமிநாதையர் தம் இளமையில் சில காலம் அரியலூரிலும், இன்று பெரம்பலூர் மாவட்டத்தில் இருக்கும் குன்னத்திலும் வாழ்ந்தார். அரியலூரில் சடகோபையங்காரிடம் தமிழ் பயின்றார். பின்னாளில் அவர் ஊர் ஊராய்ச் சென்று சுவடிகள் சேர்த்ததும், 1887 இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றியதும் வாசகர்கள் அறிந்தவையே. அவர் 1942 இல் மறைந்தார். மறு ஆண்டே சென்னையில் அவர் பெயரால் ஒரு நூல்நிலையம் அமைந்தது. அவர் தேடிய ஏடுகளுக்கு இவ்வாறு ஒரு வீடு கிடைத்தது.

அதே வட்டாரத்தில், லெப்பைக்குடிக்காட்டிலும் வி.களத்தூரிலும் நம்மவர் வீடுகளில் இருந்த கிதாபுகளுக்கு எந்த வீடு கிடைத்தது?

நான் குறிப்பிடுவது அரபுத் தமிழ்க் கிதாபுகளை. மொழி தமிழ்; எழுத்து அரபு. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக எழுத்துக்களில் புள்ளிகளையும் குறிகளையும் கூட்டி நம் முன்னோர் ஆக்கிக்கொண்ட முறை அது. குர்ஆன் ஓதக் கற்ற பெண்மக்கள், தமிழ் நெடுங்கணக்கு அறியாதவர்களாயினும், அந்த ஓதலைக் கொண்டே தொழுகையின் சட்டங்களையும் நபிமார் சரிதைகளையும் தாமாகவே படித்தறிந்தார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் (1816–1898) இயற்றிய ‘மகானீ’ போன்ற நூல்கள் அவ்வாறே அடுக்களை வரை சென்றன. நம் பாட்டிமார்களை எழுத்தறியாதவர்கள் என்று கணக்கெடுக்க வந்தவர்கள் எழுதிக்கொண்டு போயிருக்கலாம். மாலை வேளையில் திண்ணையில் கிதாபு விரித்து அக்கம்பக்கத்தாருக்கு வாசித்துக் காட்டிய ஒரு பாட்டியின் பேரன் நான். அந்தக் கணக்கை நான் ஒப்ப மாட்டேன்.

அப்பாட்டியின் கிதாபு இன்று எங்கள் வீட்டில் இல்லை. ஏடு நைந்து உதிர்ந்தபோது, அல்லாஹ்வின் திருநாமம் தாங்கிய தாள் காலில் மிதிபடலாகாது என்ற அச்சத்தால், துணியில் முடிந்து வெள்ளாற்றில் விட்டுவிட்டார்கள். அது மரியாதைதான். ஆனால் அந்த மரியாதையால் நாம் எதை இழந்தோம் என்று அன்று எண்ணிப் பார்ப்பாரில்லை.

பெரம்பலூருக்கு இரயில் கிடையாது. அரியலூர் வந்து இரயிலேறிச் சென்னை எழும்பூரில் இறங்க வேண்டும். அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் பாந்தியன் சாலையில் கன்னிமாரா நூலகம். 1896 டிசம்பர் 5 இல் திறக்கப்பட்ட அந்நூலகம், 1954 ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் வெளியாகும் நூல்களின் படியைப் பெறும் நான்கு நூலகங்களுள் ஒன்று. முதன்முறை அங்கே சென்றபோது நான் ஓதும் மாணவன். மூர் மார்க்கெட் அதற்கு முன்பே, 1985 மே 30 இல், தீக்கிரையாகியிருந்தது. அங்கே பழைய புத்தகக் குவியல்களுக்கிடையே கிதாபுகளைக் கண்டெடுத்த கதைகளை உஸ்தாதுமார் சொல்லக் கேட்டதுண்டு. எனக்குக் கிடைத்ததோ பைகிராப்ட்ஸ் ரோட்டு நடைபாதைக் கடைகளும், திருவல்லிக்கேணி, மண்ணடிக் கிதாபுக் கடைகளுமே. மதரஸாவில் கிடைத்த சிறு உதவித்தொகையில் மதிய உணவை மிச்சம் பிடித்து வாங்கிய நூல்கள் இன்றும் என் அலமாரியில் உள்ளன.

சென்னை நமக்கு அந்நியமான புத்தக நகரமன்று. சீறாப்புராணத்தை 1842 இல் முதன்முதலாக அச்சில் கொணர்ந்தவர் செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம். எட்வர்ட் பால்பர் என்ற மருத்துவரின் முயற்சியால் முஸ்லிம்களுக்கென ஒரு பொது நூலகம் 1850 இலேயே இந்நகரில் தோன்றியது. கன்னிமாராவுக்கு அது 46 ஆண்டு மூத்தது. 1869 இல் அமைந்த அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் தமிழ், வடமொழிச் சுவடிகளோடு அரபி, பார்சிச் சுவடிகளும் இருக்கின்றன. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் தனியொருவராய்ச் சேர்த்த ஏறத்தாழ ஒரு லட்சம் நூல்களும் இதழ்களும் 1994 முதல் ஆராய்ச்சி நூலகமாகச் சென்னையில் பயன்தருகின்றன. ஒரு செட்டியார் மிட்டாய்க் கடை விளம்பரத்தைக்கூட வீசாமல் பாதுகாத்தார் என்றால், நம் செல்வர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்டால் மனத்தாங்கல் வரும்.

ஒரு நூலகத்தில் நிகழ்ந்ததைச் சொல்கிறேன். எது என்பது வேண்டாம். கல்லச்சில் அடித்த கிதாபு ஒன்று, முகப்பு ஏடு இன்றி, மேசை மீது கிடந்தது. தமிழ்ப் பிரிவு அலுவலர் புரட்டிப் பார்த்து, “இது அரபி, அந்தப் பக்கம் கொடுங்கள்” என்றார். அரபிப் பிரிவில் இருந்தவர் ஒரு வரியை எழுத்துக் கூட்டினார்; சொல் விளங்கவில்லை. “இது அரபியே அல்ல, தமிழ்ப் பக்கம்தான்” என்று திருப்பி அனுப்பினார். இருவர் சொன்னதும் உண்மை. நான் வாங்கி இரண்டு வரி வாசித்துக் காட்டினேன். உளூவின் பர்ளுகளைப் பேசும் பாடம், நல்ல தமிழில். தமிழ் அலுவலர் வியந்து, “இது எங்கள் பாட்டி பேசும் தமிழ்போல இருக்கிறதே!” என்றார். ஆயினும் அதற்குப் பட்டியலில் ஓர் எண் கொடுக்க இருவருக்கும் வழி தெரியவில்லை. அது மேசைக்கே திரும்பியது.

பட்டியல் இடுவது நம்மவருக்குப் புதிய கலையா? பக்தாதில் வர்ராக்குகள் எனப்பட்ட நூல் படியெடுப்போரும் விற்போரும் தனிக் கடைத்தெருவே வைத்திருந்தார்கள். அறிஞர் ஜாஹிள், நூல் கடைகளை இரவுக்கு வாடகைக்கு எடுத்து, விடியும் வரை உள்ளேயிருந்து படித்தார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அந்த வர்ராக்குகளில் ஒருவரான இப்னுந் நதீம், ஹிஜ்ரி 377 இல் (கி.பி. 987) ‘அல்ஃபிஹ்ரிஸ்த்’ என்ற நூற்பட்டியலை இயற்றினார். அதில் அவர் குறித்த நூல்களில் பெரும்பாலானவை இன்று இல்லை. அவர் எழுதி வைத்ததால் அவற்றின் பெயராவது எஞ்சியது. இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. நூல்களைச் சொல்லுமுன் அவர் பல்வேறு சமூகத்தாரின் எழுத்து முறைகளை விவரிக்கிறார். மொழி வேறு, எழுத்து வேறு என்பது ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே ஒரு புத்தக வியாபாரிக்குத் தெரிந்திருந்தது. நம் நூலகங்களின் அட்டையில் ‘மொழி’ என்று ஒரே ஒரு கட்டம்.

முயற்சியே இல்லை என்று சொல்வது நன்றியின்மையாகும். இலங்கை அறிஞர் ம.மு. உவைஸ் அவர்கள் முஸ்லிம் தமிழ் இலக்கியங்களைத் தேடித் தொகுப்பதிலேயே வாழ்நாளைச் செலவிட்டார்கள். தைக்கா ஷுஐபு ஆலிம் அவர்கள் அரபுத் தமிழ் ஆலிம்களையும் அவர்தம் நூல்களையும் பற்றிய பெரும் ஆய்வை 1993 இல் வெளியிட்டார்கள். ஆனால் கீழக்கரையும் காயலும் பெற்ற கவனத்தை வெள்ளாற்றங்கரை ஊர்கள் பெறவில்லை.

ஆகவே சென்ற ரமலானுக்குப் பின் ஒரு கோடிட்ட நோட்டு வாங்கி, விடுமுறை நாட்களில் வீடுவீடாகச் செல்லத் தொடங்கினேன். கிதாபைக் கேட்பதில்லை, பார்த்துக் குறித்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். பெயர், ஆசிரியர், மொழி, எழுத்து, அச்சகம், ஹிஜ்ரி ஆண்டு என்று ஆறு கட்டங்கள். சில வீடுகளில் பரணிலிருந்து கரையான் மண்ணோடு இறக்கித் தருகிறார்கள். சில வீடுகளில், “போன வருஷம்தான் ஆற்றில் விட்டோம், லெப்பே” என்கிறார்கள். நோட்டின் முதல் பக்கத்தில், பெயருக்கும் ஆசிரியருக்கும் உரிய கட்டங்கள் வெறுமையாக இருக்க, ‘மொழி: தமிழ், எழுத்து: அரபு, கல்லச்சு, முன்ஏடுகள் இல்லை’ என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.