காதில் நீர் கோத்தால்: ஒரு சின்ன வரலாறு



போன வாரம் கூடுவாஞ்சேரி கடைத்தெருவில் பழைய மாணவி ஒருத்தியைப் பார்த்தேன். "பையனுக்குக் காதுக்குள்ள நீர் கோத்திருக்காம் சார். ஆனா டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதலை. மூணு மாசம் பார்க்கலாம்னு அனுப்பிட்டார்" என்று குறைப்பட்டுக்கொண்டாள். அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

மூக்கின் பின்புறத்தையும் நடுக்காதையும் ஒரு சிறு குழாய் இணைக்கிறது. சிறு குழந்தைகளுக்கு அது குட்டையாகவும் படுக்கைவாட்டிலும் இருக்கும். சளி பிடித்தால் அடைத்துக்கொள்ளும். செவிப்பறைக்குப் பின்னால் நீர் சேரும். வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது. காது மட்டும் மந்தமாகக் கேட்கும்.

சீழ் பிடிப்பது வேறு. பென்சிலின் வருவதற்கு முன், காதுச் சீழ் பின்னால் உள்ள எலும்புக்கும் மூளைக்கும் பரவிக் குழந்தைகள் இறந்ததுண்டு. 1928இல் ஃபிளெமிங் கண்டறிந்த அந்த மருந்து 1940களில் புழக்கத்துக்கு வந்து எத்தனையோ உயிர்களைக் காத்தது. நம் நாட்டிலும் 1954இல் புனே அருகே பிம்பிரியில் அரசு ஆலை எழுந்தது. சீழை விரட்டிய மருந்து வெறும் நீரையும் விரட்டும் என்று உலகம் நம்பியதில் வியப்பில்லை.

1987இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் 500க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் செய்த ஆய்வு வெளியானது. அமாக்சிசிலின் ஓரளவு பலன் தருகிறது என்றார்கள். ஆனால் மருந்து சாப்பிட்டவர்களிலும் பெரும்பாலோருக்கு நான்கு வாரம் கழித்தும் நீர் வற்றவில்லை. அதே குழுவில் இருந்த எர்டெம் கான்டெகின், அதே கணக்கைப் பார்த்து "பலன் இல்லை" என்றார். நெடிய போராட்டத்துக்குப் பின் 1991இல்தான் அவர் கட்டுரை அச்சேறியது. 2004இல் அமெரிக்க மருத்துவ அமைப்புகள், ஆபத்துக் காரணங்கள் இல்லாத குழந்தைகளுக்கு மூன்று மாதம் கவனித்துக் காத்திருக்கச் சொல்லின. 2016இல் இந்த நீருக்கு ஆன்டிபயாடிக் வேண்டாம் என்றே எழுதின.

நம் ஊருக்கும் இதில் பங்குண்டு. 2012 ஆகஸ்டில் இந்திய மருத்துவ சங்கங்கள் சென்னையில் கூடி, தேவையற்ற ஆன்டிபயாடிக் பயன்பாட்டுக்கு எதிராக வெளியிட்டதே 'சென்னைப் பிரகடனம்'. 2014 மார்ச் 1 முதல் சில வீரியமான ஆன்டிபயாடிக்குகளை விற்றால் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் குறிக்க வேண்டும் என்ற விதியும் வந்தது.

காத்திருப்பது என்றால் சும்மா இருப்பதல்ல. மூன்று மாதத்தில் நீர் வற்றாவிட்டால் செவித்திறனைச் சோதிக்க வேண்டும். தேவைப்பட்டால் செவிப்பறையில் சிறு குழாய் பொருத்துவார்கள். அம்முறை 1954 முதல் புழக்கத்தில் இருக்கிறது. வலி, காய்ச்சல், சீழ் இருந்தால் அன்றே டாக்டரிடம் போங்கள். அப்போது அவர் ஆன்டிபயாடிக் எழுதினால் முழுதாகக் கொடுங்கள்.

இதை எழுத எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன், கடைசி பெஞ்சில் இருந்த ஒரு பையனைக் கூப்பிட்டும் திரும்பவில்லை என்று அடிக்கடி திட்டினேன். அவனுக்குக் காது கேட்கிறதா என்று ஒரு நாளும் நான் கேட்கவில்லை. உங்களில் ஆசிரியர்களாக இருப்பவர்கள் தயவுசெய்து கேளுங்கள்.