கருப்பையின் பட்டம்

மானாவாரிக் காடுகள் மிகுந்த கொங்கு நாட்டில் விதைப்பு என்பது பட்டத்தைச் சார்ந்தது. பட்டம் தவறி இட்ட விதை முளைக்காவிடில் உழவர் நிலத்தைப் பழிப்பதில்லை. பிள்ளையில்லா வீட்டிலோ இந்த நியாயம் செல்லவில்லை. பெண்ணே 'வறடி' எனப்பட்டாள். திருச்செங்கோட்டு மலையின் வறடிக்கல்லை, அதைச் சுற்றிவரும் பெண்ணின் துயரோடு சேர்த்துப் பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' (2010) நாவலில் நாம் கண்டோம்.

கருப்பைக்கும் ஒரு பட்டம் உண்டென மருத்துவம் கண்டறிந்த வரலாற்றை இப்பின்னணியில் நோக்கலாம். சினைமுட்டை வெளிப்பட்டு ஏறக்குறைய ஒரு வாரம் கழித்துச் சில நாள்களே கருப்பையின் உட்சவ்வு கருவை ஏற்கும். அச்சவ்வைச் சிறிது எடுத்து நுண்ணோக்கியில் பார்த்து, அது சுழற்சியின் எந்நாளுக்குரியது எனக் கணிக்கும் முறையை 1950இல் அமெரிக்காவின் நாய்ஸ், ஹெர்டிக், ராக் ஆகிய மூவர் வகுத்தளித்தனர்.

காலமறிந்து கருவை இடுவதில் நம் நாட்டவர் ஒருவர் முன்னோடியாக விளங்கினார் என்பது பலரும் மறந்த செய்தி. கல்கத்தா மருத்துவர் சுபாஷ் முகர்ஜி, சினைமுட்டைகளைப் பெருக்க மருந்து கொடுத்த அதே சுழற்சியில் கருவை இடவில்லை. அம்மருந்தால் உட்சவ்வின் இயல்பான ஒழுங்கு குலையக்கூடும். அவர் கருவை உறைநிலையில் 53 நாள்கள் காத்து, பிந்தைய சுழற்சியில் இட்டார். 1978 அக்டோபர் 3இல் துர்கா பிறந்தாள். உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுன் பிறந்து இரு மாதங்களே கடந்திருந்தன. மாநில அரசு அமைத்த குழு முகர்ஜியை நம்பவில்லை. கண் மருத்துவ நிறுவனத்திற்கு மாற்றப்பட்ட அவர், 1981 ஜூன் 19இல் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். உறைகருவிலிருந்து ஆஸ்திரேலியாவில் குழந்தை பிறந்தது 1984இல்தான். முகர்ஜியின் குறிப்புகளை ஆராய்ந்த டி.சி. ஆனந்தகுமார் 1997இல் அவரது சாதனையை உலகறியச் செய்தார்.

இன்று கோவையிலும் ஈரோட்டிலும் கருத்தரிப்பு மையங்களின் பலகைகளைக் காண்கிறோம். உட்சவ்வின் 238 மரபணுக்களின் செயற்பாட்டை அளந்து கருவை இடும் நேரத்தைக் குறிக்கும் சோதனை, ஸ்பெயின் ஆய்வாளர்களால் 2011இல் அறிவிக்கப்பட்டது. எனினும் 767 பெண்களிடையே நடந்து 2022இல் வெளியான அமெரிக்க ஆய்வில், சோதனை சொன்ன நேரத்தில் கருவை இட்டவர்களுள் 58.5 விழுக்காட்டினரும், வழக்கமான நேரத்தில் இட்டவர்களுள் 61.9 விழுக்காட்டினரும் குழந்தை பெற்றனர். எல்லோருக்கும் இச்சோதனை தேவை என்பதற்குச் சான்று இல்லை என்பதே இதன் பொருள்.

பட்டம் உண்டென்பது மெய். அதை இன்னும் துல்லியமாக அளக்கக் கற்றோமில்லை என்பதும் மெய். கரு பதியாமைக்குக் கருவின் குரோமோசோம் குறையும் காரணமாகலாம். பிள்ளையின்மையில் ஆணின் பங்கும் உண்டு. காத்திருந்து கருவை இட்ட முகர்ஜி, கருப்பையைக் குறைகூறவில்லை. அதன் காலத்தை மதித்தார். 'கருப்பை ஏற்கவில்லை' என்னும் மருத்துவக் குறிப்பு, நம் வீடுகளுக்குள் 'வறடி' என்ற பழஞ்சொல்லின் புதுப்பெயராகிவிடலாகாது. நிலத்துக்குக் காட்டிய நியாயத்தைப் பெண்ணுக்கும் காட்ட நாம் எப்போது கற்கப்போகிறோம்?