தமிழ் விசைப்பலகையும் குறுக்கு விசைகளும்

இன்றைய சுபாங் ஜெயா ஒரு காலத்தில் சீபீல்டு இரப்பர்த் தோட்டமாக இருந்தது. 1976 முதல் அங்கே நகர் எழுந்தது. பால்மரம் நின்ற நிலத்தில் இன்று அலுவலகங்கள் நிற்கின்றன. அங்குப் பணிபுரிவோர் பெயர், முகவரி முதலியவற்றைக் கணினிப் படிவங்களில் நிரப்புகின்றனர். சுட்டியைத் தொடாமலே வேண்டிய கட்டத்திற்குச் செல்ல உதவுவன குறுக்கு விசைகள். தமிழ்ப் படிவத்திலும் இவை ஆங்கில எழுத்தாகவே நிற்பது ஏன்? விடை காணத் தட்டச்சுப் பொறியின் வரலாற்றிற்குச் செல்லுதல் வேண்டும்.

தமிழுக்கு எழுத்து 247. பொறியில் உள்ள விசைகளோ ஐம்பதுக்கும் குறைவு. யாழ்ப்பாணத்திற் பிறந்து சிங்கப்பூரில் பணியாற்றிய ஆர். முத்தையா அவர்கள் இச்சிக்கலை அவிழ்த்தார். எழுத்தை உறுப்புகளாகப் பிரித்து, நகரா விசைகளை அமைத்தார். புள்ளியை முதலில் அடித்தால் உருளை நகராது. பின்னர் மெய்யின் வடிவை அடித்தால் இரண்டும் ஓரெழுத்தாகும். அவரது அமைப்பு செருமனியில் செய்யப்பட்ட ‘பிஜோ’ பொறியில் வெளிவந்தது.

குறுக்கு விசைகளின் வரலாறு வேறு. 1983இல் ஆப்பிள் நிறுவனத்தின் லிசா கணினியில் வெட்ட எக்ஸ், படியெடுக்க சி, ஒட்ட வி என்னும் விசைகள் அமைந்தன. 1987இல் ஐபிஎம் பொதுப் பயனர் நெறி ஒன்றை வகுத்தது. பெயர்ச்சொல்லின் ஓரெழுத்தை அடிக்கோடிட்டு, ஆல்ட் விசையுடன் அதனை அழுத்தும் வழக்கம் பரவிற்று. ஓரெழுத்துக்கு ஒரு விசை என்னும் எண்ணமே இதன் அடிப்படையாகும்.

மலேசியாவில் முத்து நெடுமாறன் அவர்கள் 1985இல் முரசு மென்பொருளைத் தொடங்கினார். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையடுத்துத் தமிழ்நாட்டரசு தமிழ்99 விசைப்பலகையை ஏற்றது. அதில் எக்ஸ், சி, வி ஆகிய விசைகள் முறையே ஓ, ஒ, வ ஆகும். விசையின் இடத்தை நோக்கும் நிரலில் குறுக்குவழி பிழையின்றி இயங்கும். எழுத்தை நோக்கும் நிரலிலோ தமிழ் முறையில் அது தடுமாறும். ஆகவேதான் மொழிபெயர்ப்பாளர் ‘கோப்பு’ என்பதன் அருகே அடைப்புக்குறிக்குள் எஃப் என்னும் எழுத்தை இட்டனர். ‘கோ’ என்பது ககர மெய்யும் ஓகாரமும் கூடியது. அதனை ஒரே விசையால் தருதல் இயலாதன்றோ!

எனினும் முத்தையா அவர்கள் காட்டிய வழி இங்கும் பயன்படும். உயிர்மெய்யை விடுத்து, அதன் அகர வடிவை மட்டும் குறியாகக் கொள்ளலாம். தமிழ்99இல் க, ப, ம, த ஒவ்வொன்றும் ஒரு விசையே. ‘பெயர்’ என்பதற்குப் ப, ‘முகவரி’ என்பதற்கு ம என அமைப்பதில் தடையில்லை. ‘பிறந்த நாள்’ என்பதற்கும் ப வருமே எனின், அங்கு ந கொள்ளலாம். ஆங்கிலத்தாரும் ஒரே எழுத்தில் தொடங்கும் இரு கட்டளைகளை அவ்வாறே வேறுபடுத்துகின்றனர். ஒலிபெயர்ப்பு விசைப்பலகையில் தகரத்திற்கு இரு விசைகள் வேண்டியிருத்தலால், அங்கு மட்டும் வேறெழுத்து நாடல் வேண்டும்.

தமிழாசிரியர்கள் மாணாக்கர்க்கு எழுத்தின் பிறப்பை விளக்குங்கால், மெய்யும் உயிரும் விசைப்பலகையில் கூடும் முறையையும் உடன் காட்டுவாராயின், நாளை மென்பொருள் எழுதப் புகும் பிள்ளைகள் அடைப்புக்குறி எஃப் இல்லாத படிவங்களைப் படைப்பார்கள்.