கையிருப்பைப் பார்த்து உலை வை!

ஊரை விட்டு வந்த நமக்கு, ஊர்த் திருவிழாவும் கிரிக்கெட்டும் இப்போது கைப்பேசியில்தான். ரயிலில் போகும்போது படம் மங்கும், ஆனால் பெரும்பாலும் நிற்காது. கவனித்திருப்பீர்கள். இந்த நிலைக்கு வர சுமார் இருபது வருடம் பிடித்தது. பி.காம். படித்த எனக்குப் பிடித்த விஷயம், கடைசியில் கைகொடுத்தது நம் வீட்டுக் கணக்குதான் என்பது.

1995-இல் சியாட்டிலில் இருந்த புரோகிரசிவ் நெட்வொர்க்ஸ் நிறுவனம் ரியல்ஆடியோவை வெளியிட்டது. அந்த வருடம் செப்டம்பர் 5-ஆம் தேதி ஒரு பேஸ்பால் ஆட்டத்தின் வானொலி வர்ணனை இணையத்தில் நேரடியாக ஒலித்தது. 1997-இல் ரியல்வீடியோ வந்தது. தபால்தலை அளவு படம், நடுநடுவே 'பஃபரிங்' என்ற அறிவிப்பு. டயல்-அப் காலத்து ஆசாமிகளுக்கு மறந்திருக்காது :-)

இதற்கெல்லாம் தனி சர்வர் வேண்டும். பல அலுவலகங்களின் ஃபயர்வால் இதை உள்ளே விடாது. 2005-இல் வந்த யூடியூப், சாதாரணக் கோப்பு மாதிரி படத்தை இறக்கியது. சிக்கல் தீர்ந்தது, ஆனால் ஆரம்பத்தில் ஒரே தரம்தான். இணைப்பு தளர்ந்தால் காத்திருக்க வேண்டியதுதான்.

2008-இல் மைக்ரோசாஃப்டும் 2009-இல் ஆப்பிளும் வேறு வழியில் போனார்கள். படத்தைச் சில வினாடித் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் பல தரங்களில் சேமித்து வைப்பது. எந்தத் தரம் வேண்டும் என்று துண்டுக்குத் துண்டு கேட்டு வாங்குவது பார்ப்பவரின் கருவி. 2012-இல் டாஷ் என்ற பொதுத் தரநிலையும் வந்தது.

சரி, எந்தத் தரத்தைக் கேட்பது என்று கருவிக்கு எப்படித் தெரியும்? கடைசித் துண்டுகள் வந்த வேகத்தை வைத்து அடுத்ததை ஊகித்தார்கள். போன மாதம் போனஸ் வந்ததே என்று இந்த மாதம் புது ஈ.எம்.ஐ. போடுவது மாதிரி!

2014-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்களும் நெட்ஃபிளிக்ஸும் சேர்ந்து ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். வேகத்தை ஊகிக்காதே, ஏற்கெனவே இறங்கிக் கையில் இருக்கும் படம் எத்தனை வினாடி என்று பார். குறைவா, குறைந்த தரம் கேள். நிறைய இருக்கிறதா, உயர்ந்த தரம் கேள். ஆரம்பக் கட்டத்துக்கு மட்டும் வேகக் கணக்கு போதும். லட்சக்கணக்கான பயனர்களிடம் சோதித்ததில், படம் நின்றுபோவது 10 முதல் 20 சதவீதம் வரை குறைந்தது.

நிரந்தர வருமானம் இல்லாத வீட்டில் அம்மாக்கள் செய்வது இதுதானே? அரிசிப் பானைக்குள் கை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் உலை வைப்பார்கள்.

2023 உலகக் கோப்பை இறுதியாட்டத்தை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் வரை பார்த்தார்கள். அத்தனை பேருக்குமா நல்ல இணைப்பு இருந்திருக்கும்? நல்ல இணைப்புள்ளவருக்குத் தெளிவான படம், மற்றவருக்கு மங்கலான படம். ஆனால் ஆட்டம் ஒன்றுதான்.

வங்கியில் நாங்கள் முதலில் கேட்பது சம்பளச் சீட்டு. சீரான வரவு இல்லாத ஆட்டோக்காரரும் பூக்காரம்மாவும் அங்கேயே திரும்பிப் போகிறார்கள். வரவு சீராக இருக்காது என்று முதலிலேயே ஒப்புக்கொண்டு திட்டம் போட்டால், அவர்களுக்கும் ஒரு வழி கிடைக்காதா? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?